கோட்டைக்கு ஓர் ஒத்திகை

எங்கள் வீட்டில் எதற்கும் ஒத்திகை உண்டு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதென்றால் முந்தின வாரமே எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி இறங்கி வீட்டுக்குள் வர வேண்டும். கார் கிளம்பாது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, யார் கடைசி நேரத்தில் செருப்பைத் தேடினார்கள், யார் பாத்ரூமுக்கு ஓடினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பிழைப்பு அப்படி. உயரமான ஆபீஸ் கட்டடங்களில் தீப்பிடித்தால் ஆட்கள் எப்படி வெளியேற வேண்டும் என்று பழக்கிக் கொடுப்பவர். மணி அடித்ததும் எல்லோரும் படி வழியாக இறங்குவார்கள். இவர் மஞ்சள் மேல்சட்டையும் கழுத்தில் விசிலுமாக நடுவில் நிற்பார். தெருவில் அவருக்கு விசில்காரர் என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் பழகிப்போனது. அதற்கும் அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் ஒத்திகையில் யாராவது தவறினால் பயணமே ரத்து. ஒருமுறை மலைப்பக்கம் போவதாக இருந்தோம். ஒத்திகையன்று என் நாத்தனார் காரில் உட்கார்ந்தபடி இரண்டு தும்மல் போட்டாள். அவ்வளவுதான், பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. "காருக்குள்ள தூசி இருந்துச்சு, அதுக்குத் தும்மினேன். அது ஒரு குத்தமா?" என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். ஒரு பெரிய துணிக்கடையில், வருகிறவர்கள் எதையாவது சுருட்டுகிறார்களா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி இந்த வீட்டில் ஓர் ஊசி கூட இடம் மாறாது.

இந்த முறை போவதாக இருந்தது மலைக்கு இல்லை. கடலோரத்து நாடு ஒன்றுக்கு. வருஷம் முழுக்க வெயிலடிக்கும் நாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, அதன் மேல் ஒரு பழைய கோட்டை, கோட்டை உச்சியில் ஒரு காவல் கோபுரம். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். அந்தக் கரையை எத்தனை கரும்பலகைகளில் வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். இந்த வளைவில்தான் கப்பல்கள் வந்தன, இந்தக் கோபுரத்திலிருந்துதான் முதலில் பார்த்தார்கள் என்று சாக்பீஸால் தட்டித் தட்டிச் சொல்லுவேன். ஒரு பிள்ளை எழுந்து, "நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்கும். வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். "அடுத்த வருஷம்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தலை நரைத்துவிட்டது. வேறு எதற்கும் நான் இவரிடம் அடம் பிடித்ததில்லை. இதற்குப் பிடித்தேன்.

ஒருவழியாக டிக்கெட் போட்டாயிற்று. அவரும் நானும் மகளும் நாத்தனாரும். கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் இவர் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கோட்டையைப் பற்றிய காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"கோபுரத்துல படி நெறைய இருக்கு" என்றார். எத்தனை என்றும் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படி என்ற சொல்லிலேயே என் மனசு நின்றுவிட்டது.

"அதனால என்ன?" என்றேன்.

"நான் பழக்கிக் கொடுக்கற அந்தப் பதினோரு மாடி ஆபீஸ் கட்டடம் கிட்டத்தட்ட அதே உயரம். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் ஏறிப் பாத்துடுவோம். வெயில்ல பாதிப் படியில யாராவது உக்காந்துட்டா அங்க யாரைக் கூப்பிடுறது? முடியாதுன்னு தெரிஞ்சா இங்கயே தெரியட்டும். ஒத்திகையில தப்பு நடந்தா சந்தோஷப்படணும் டீச்சர். நெஜத்துல நடந்தாத்தான் அழணும்."

என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலா மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அம்மா, நான் அப்பாகிட்ட சொல்லிடப் போறேன்."

"சத்தம் போடாதடி."

அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். இருமல் விடவில்லை என்று இரண்டு வாரத்துக்கு முன் தெருமுனை டாக்டரிடம் போயிருந்தோம். அவர் என் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. இங்கே, அங்கே, மறுபடி இங்கே. "ஒரு சத்தம் கேக்குதும்மா. இதயத்துல ஒரு வால்வு சரியா திறக்கலையோன்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார். "எங்க வீடு தரைத்தளம் டாக்டர்" என்றேன், பெரிய சாமர்த்தியசாலி மாதிரி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போய் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கைப்பையின் அடியில் செருகிவிட்டேன். அதை மேஜையில் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு தும்மலுக்கே மலை போனது. இதற்குக் கோட்டையென்ன, கடலே போய்விடும்.

"போயிட்டு வந்து எடுத்துக்கறேன்னு சொன்னேனா இல்லையா?"

"அங்க ஏதாவது ஆச்சுன்னா?" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி. ஞாயித்துக்கிழமை நீ அந்தப் படி முழுக்க ஏறிடு. ஏறிட்டா நான் வாயே திறக்கல. நடுவுல நின்னுட்டேன்னா அங்கயே அப்பாகிட்ட சொல்லிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

சரி என்றேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து தூக்கம் போனது. மாடிக்கு நாத்தனாரைப் பார்க்கப் போவதையே நான் எப்போதோ விட்டுவிட்டேன். கீழே நின்று குரல் கொடுத்தே காரியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூட ஒருநாள், "அண்ணி இப்பல்லாம் மேல வர்றதே இல்ல, என் மேல என்ன கோவம்?" என்று கேட்டாள்.

ஆனால் என்னிடம் ஒரு வித்தை இருந்தது. பள்ளியில் என் வகுப்பு இரண்டாவது மாடியில். பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஏறும்போது திருப்பத்தில் நின்று ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்ல அவர்கள் முட்டி மோதுவார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யோசித்துக் கேட்கிறவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். அதற்குள் மூச்சு திரும்பிவிடும். படியில் கூடப் பாடம் நடத்துகிற டீச்சர் என்று பிள்ளைகள் வீட்டில் சொன்னார்களாம். ஒரு தாயார் வந்து பாராட்டிவிட்டுப் போனார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. வாசல் காவலாளி இவரைப் பார்த்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். பளபளவென்று மூன்று லிஃப்ட்கள் வரிசையாக நின்றன. நாத்தனார் ஆசையாக ஒரு பொத்தானைத் தடவிப் பார்த்தாள்.

"அதைத் தொடாத" என்றார் இவர். முப்பது வருஷமாக லிஃப்ட்டில் ஏறாதவர். தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, தீப்பிடிக்காத நேரத்திலும் ஏறுவதில்லை.

படிக்கட்டுக் கதவைத் திறந்ததும் சிமெண்ட் வாடையும் பெயிண்ட் வாடையும் அடித்தன. ஜன்னல் கிடையாது. சுவரில் மாடி எண் பெரிதாக எழுதியிருந்தது. முன்னால் அவர், பின்னால் நாத்தனார், அப்புறம் நான், கடைசியில் மகள். அவள் என் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது.

முதல் மாடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை இறுக்குகிற மாதிரி இருந்தது. திருப்பத்தில் நின்றேன்.

"நில்லுங்க. இந்த உயரத்துலதான் கோட்டையோட முதல் வாசல். எதிரிங்க உள்ள வந்தா மேல இருந்து என்ன ஊத்துவாங்க? சொல்லுங்க பாப்போம்."

"எண்ணெய்" என்றாள் மகள் சட்டென்று. வேண்டுமென்றேதான் சட்டென்று சொன்னாள்.

"கொதிக்கிற தண்ணி?" என்றாள் நாத்தனார். "எண்ணெய்னா வீணாப் போகுமே."

அந்த ஒரு சந்தேகத்தால் எனக்கு நாலு மூச்சு கிடைத்தது. மூன்றாவது மாடியில் காவல்காரர்கள் எப்படித் தூங்காமல் இருந்தார்கள் என்று கேட்டேன். நாலாவதில் மழைத்தண்ணீரை எங்கே சேர்த்தார்கள் என்று கேட்டேன். கேள்விகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஐந்தாவதில், "கதவு... எந்த மரம்?" என்பதோடு நின்றுபோனது. பிடரியில் வேர்வை வழிந்தது. கண்ணுக்கு முன்னால் மாடி எண் லேசாக ஆடியது.

நாத்தனார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். துணிக்கடையில் மடிப்புக்குள் சேலையைச் செருகுகிறவளைப் பார்க்கிற பார்வை.

"அண்ணி ஏன் ஒவ்வொரு மாடியிலயும் கேள்வி கேக்கறாங்க? பதில் சொன்னா சரியா தப்பான்னு கூட சொல்ல மாட்டேங்கறாங்க?"

மகள் ஒரு படி மேலே ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறக்கப் போகிறாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கை ஜில்லென்று இருந்திருக்க வேண்டும்; அவள் முகம் மாறிவிட்டது. அந்த நேரத்தில் மேலே இருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"மரம்னா... தேக்காத்தான் இருக்கும்" என்றார். "ஆனா கடல் காத்துக்குத் தேக்கு தாங்குமா? உப்புக் காத்து இல்லையா. எங்க பழைய ஆபீஸ்ல ஒரு கதவு இருந்துச்சு. அது தேக்கு இல்ல. என்ன மரம்னு தச்சரைக் கேட்டேன். அவர் வந்து தட்டிப் பாத்தார். தட்டிட்டு ஒரு பேர் சொன்னார். அந்தப் பேர்தான் இப்போ ஞாபகம் வரல. இருங்க, யோசிக்கறேன்."

இருங்க, யோசிக்கறேன் என்று நின்றார். நிஜமாகவே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். இந்த மனுஷர் சரித்திரம் என்றாலே கொட்டாவி விடுகிறவர். படிக்கட்டில் வாய் பேசக் கூடாது என்று அடுத்தவர் ஆபீசில் போய்க் கத்துகிறவர். ஆறாவது மாடியில் நான் கேட்டது பாதிக் கேள்வி கூட இல்லை. அதற்கு, பழைய காலத்து விளக்குகளைப் பற்றி ஒரு பெரிய கதை சொன்னார். அத்தனையும் தப்பு. ஒரு வரி கூடச் சரியில்லை. எனக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது. கண்டுபிடித்துவிட்டார். என் கோட்டை போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். நெஞ்சு அப்படி அடைத்துக்கொண்டிருக்கும்போதும் அந்த நினைப்புதான்.

ஏழாவது மாடித் திருப்பத்தில் எனக்குக் கேள்வி வரவில்லை. வாயைத் திறந்தேன். காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்றே தெரியவில்லை. எல்லோரும் நின்றார்கள். என் மூச்சுச் சத்தம் மட்டும் அந்தப் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கியது.

அவர் இரண்டு படி இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்து, டீச்சர் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"சரி, அடுத்த கேள்வி. கோபுரத்துல நிக்கிற ஆளு கப்பலைப் பாத்ததும் கீழ இருக்கறவங்களுக்கு எப்படிச் சொல்லுவான்? நிதானமா யோசிச்சுச் சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் குரல் நடுங்கியது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "முடியலங்க" என்றேன். "எனக்கு முடியல."

அப்போதுதான் விசிலை எடுத்தார். ஒத்திகையில் யாருக்காவது நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் மூன்று முறை ஊதுவார்கள். அதோடு எல்லாம் நிற்க வேண்டும். அவர் அதை ஊதி நான் கேட்டதே இல்லை. மூன்று முறை ஊதினார். சுவரெல்லாம் அதிர்ந்தது. கீழே காவலாளி ஓடி வரும் சத்தம் கேட்டது.

மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர், சத்தம், வால்வு, கைப்பையில் கிடக்கும் சீட்டு. அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி என் முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்தார்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றார். அவர் என்னை அப்படித் திட்டியதில்லை. "ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறியே, அறிவிருக்கா?"

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டாவது மாடியிலயே தெரியும். முடியாதவங்க படியில முடியலன்னு சொல்ல மாட்டாங்க. செருப்பு வாரைச் சரி பண்ணுவாங்க, போனைப் பாப்பாங்க. கேள்வி கேட்டு நின்னவ நீ ஒருத்திதான்."

"அப்பவே ஏன் நிறுத்தல?"

நாத்தனார்தான் சொன்னாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்திருப்பார் அண்ணி. அவர் நிறுத்தினா நீங்க ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டீங்களே. நான் மன்னிச்சேனா?"

"அதுக்காக ஏழு மாடி ஏத்திட்டேனே" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. காவலாளி லிஃப்ட்டைக் கொண்டு வந்து நிறுத்தினார். என்னைப் பிடித்துக்கொண்டு அவரும் உள்ளே வந்தார். கீழே வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அந்த வாரமே நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். பேசத் தெம்பு வந்ததும் அறுவை செய்த டாக்டரிடம், "ஒரு மாசம் கழிச்சு, அந்தக் கோட்டைக்குப் போயிட்டு வந்து பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன். "வெயில்ல கோட்டையெல்லாம் சுத்திட்டு வந்தா?" என்றார். "நீங்க என்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்கம்மா." அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பயண நாள் வந்தபோது நான் வீட்டில் கட்டிலில் இருந்தேன். மகளும் நாத்தனாரும் போக மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நான்தான் விரட்டினேன். இவரும், "போய்ப் பாத்துட்டு வாங்க, அடுத்த ஒத்திகைக்கு விவரம் வேணும்" என்றார். மனுஷர் திருந்த மாட்டார்.

மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. இவர் அதை என் முன்னால் தலையணையில் சாய்த்து வைத்தார். திரை முழுக்க நீலமாகக் கடல். நான் சாக்பீஸால் வரைந்த அதே வளைவு. அப்புறம் நாத்தனார் முகம் வந்து கடலை மறைத்தது.

"அண்ணி! உச்சிக்கு வந்துட்டோம்! கோபுரத்து மேல நிக்கறோம்!"

நான் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. மூச்சு வாங்கவில்லை. தலைமுடி கூடக் கலையவில்லை.

"அவ்ளோ படி ஏறிட்டு எப்படி இப்படி இருக்க?" என்றேன்.

"படியா? லிஃப்ட்ல வந்தோம் அண்ணி. வாசல்லயே இருக்கு. இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்காங்க."

இவர் எழுந்து போனார். அலமாரியிலிருந்து அந்தக் காகிதங்களை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். நான் எட்டிப் பார்த்தேன். படிகளைப் பற்றிய வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்கு அடுத்த வரி லிஃப்ட்டைப் பற்றி. அதற்கு ஒரு கோடும் இல்லை.

"என் கண்ணுல படவே இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். இன்னொரு தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். "ஏங்க, லிஃப்ட்னு எழுதியிருந்தா கூட உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரியை மறுபடி விரல் வைத்துப் படித்தார்.

"பட்டிருந்தா..." என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை அவர் பார்த்திருந்தால் ஒத்திகை இல்லை. ஏழாவது மாடி இல்லை. நான் சந்தோஷமாக டாக்டர் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறியிருப்பேன். அந்த நீலக் கடலைப் பார்த்திருப்பேன். அதோடு சரி.

போனில் நாத்தனார், "அண்ணா, கேக்குதா? லைன்ல இருக்கியா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது.

"சரி, ஒரு கேள்வி" என்றேன். "நானும் நீங்களும் போகும்போது எதுல ஏறப் போறோம், படியிலயா லிஃப்ட்லயா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் திரும்பவில்லை. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிற டீச்சர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவருக்குத்தான் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.